கடலையே பார்க்காத பிள்ளைகளைக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாமா?

பென்னாகரம் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறீர்கள். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர். பாதிக்கு மேல் கடலை நேரில் பார்த்ததில்லை. அவர்களைக் கடல் வாணிக வரலாறு சொல்லும் ஓர் அருங்காட்சியகத்துக்குக் களப்பயணம் அழைத்துப் போக வேண்டும், எங்கே போவது, எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "மலங்காட்டுப் புள்ளைங்களுக்குக் கப்பல் எதுக்கு, பீச்சப் பாத்துட்டு வந்து தூங்கிடுவாங்க" என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். எனவே அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு இடம், வழி, தூரத்துக்கு வருகிறேன்.

நான் தொல்லியல் படித்தவன். அருங்காட்சியகத்துக்கு வரும் பள்ளிக் கூட்டங்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். சொந்த ஊர் காரிமங்கலம் பக்கம். அனுமதிக் கடிதம், கல்வித்துறைச் சுற்றறிக்கை, நிதி ஒதுக்கீடு ஆகியவை என் துறை அல்ல. அதை உங்கள் தலைமையாசிரியர்தான் சொல்ல வேண்டும். காட்சிக் கூடத்துக்குள் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

உங்கள் சகா சொன்னதில் பாதி உண்மை. பெரும்பாலான பயணங்கள் அப்படித்தான் முடிகின்றன. விடிய மூன்று மணிக்குக் கிளம்பிய பேருந்து பதினொன்றரைக்கு வந்து நிற்கும். வழியில் வாந்தியெடுத்த பிள்ளைகள் சோர்ந்திருக்கும். "லைன்ல போ, எதையும் தொடாத, சீக்கிரம்" என்ற மூன்று கட்டளைகளோடு இருபது நிமிடத்தில் கூடத்தைக் கடந்துவிடுவார்கள். நோட்டு வைத்திருக்கும் பிள்ளை ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் எழுத்துக் குறையாமல் நகல் எடுக்கும், பொருளை ஏறெடுத்தும் பார்க்காது. அதில் பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. கேள்வி எதுவும் இல்லாமல் வந்தவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது பானை ஓடுதான்.

மற்ற பாதி தவறு. கடலிலிருந்து தள்ளியிருக்கும் மாவட்டத்துக்கும் கடல் வரலாற்றில் பங்கு உண்டு. தருமபுரியின் பங்கு கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான் பயணத்தை அருங்காட்சியக வாசலில் தொடங்க வேண்டாம், இரண்டு மாதம் முன்பே உங்கள் ஊரில் தொடங்குங்கள் என்கிறேன்.

முதலில் ஒகேனக்கல். உங்கள் பள்ளியிலிருந்து எட்டும் தூரம், எல்லாப் பிள்ளைகளும் போயிருப்பார்கள், பலர் வீட்டில் பரிசல் ஓட்டுபவர்கூட இருக்கலாம். அங்கே குதிக்கும் தண்ணீர் மேட்டூர், ஈரோடு, திருச்சி என்று போய்ப் பூம்புகாரில் கடலில் கலக்கிறது. வரைபடத்தில் ஒரு நூலை ஆற்றின் வளைவுக்கு ஏற்ப ஒட்டச் சொல்லுங்கள். பிறகு பரிசலை ஒரு கப்பல் கட்டும் ஆள் பார்ப்பதுபோல் பார்க்கச் சொல்லுங்கள். மூங்கில் பின்னிய வட்டக் கூடு. முன்பு தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, அடியில் முதுகெலும்பு போன்ற நெடுங்கட்டை கிடையாது. அதனால்தான் சுற்றுகிறது. அதனால்தான் ஒரு முழம் தண்ணீரிலும் பாறைக்கு மேல் வழுக்கிக்கொண்டு போகிறது, கரையேறியதும் ஒருவரே தலையில் கவிழ்த்துத் தூக்கிப் போக முடிகிறது. இதைக் கடலில் விட்டால் என்ன ஆகும்? இந்த ஒரு கேள்வியை வகுப்பில் போட்டு, பதில் சொல்லாமல் விட்டுவிடுங்கள்.

கடற்கரைக்குப் போனதும் அதற்கான பதில் எதிரே நிற்கும். கட்டுமரம் என்பது சீவிய மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. அலை மேலே ஏறினால் தண்ணீர் இடுக்கு வழியே கீழே போய்விடும், மூழ்க அதற்கு உட்பகுதியே இல்லை. சென்னையில் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்த மசூலாப் படகு வேறு வகை. பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது ஆணி அடித்த படகு விரிசல் விடும், தைத்த படகு நெளிந்துகொடுக்கும். பரிசல், கட்டுமரம், தையல் படகு மூன்றும் மூன்று விதத் தண்ணீருக்கு மனிதர்கள் கண்ட மூன்று விடைகள். பரிசலைத் தொட்டுப் பார்த்த பென்னாகரத்துப் பிள்ளைக்கு இது சென்னைப் பிள்ளையைவிடச் சீக்கிரம் பிடிபடும். சலுகைக்காகச் சொல்லவில்லை, பலமுறை பார்த்ததால் சொல்கிறேன்.

அடுத்தது பாப்பாரப்பட்டி. சுப்பிரமணிய சிவா நினைவிடத்தை உங்கள் பிள்ளைகள் பேருந்தில் போகும்போது பார்த்திருப்பார்கள். வ.உ.சி. 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908இல் அவரோடு சேர்ந்து சிறைக்குப் போனவர் சிவா. சிறையில் தொழுநோய் தொற்றி, கடைசியில் பாப்பாரப்பட்டியில் தங்கி, 1925இல் அங்கேயே இறந்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய ஒரு கப்பலின் கதை தருமபுரி மாவட்டத்தில் வந்து முடிகிறது. சுதேசிக் கப்பலை முறிக்க வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது என்பது உறுதி. இலவசமாக ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு குடையும் கொடுத்தது என்று பலரும் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது "சொல்லப்படுகிறது" என்று சேர்த்துச் சொல்லுங்கள். எது ஆவணம், எது வாய்வழிச் செய்தி என்று பிரித்துப் பேசும் பழக்கம் எட்டாம் வகுப்பிலேயே வந்துவிட வேண்டும்.

தகடூரை, அதாவது பழைய தருமபுரியை, ஆண்ட அதியமானையும் விட்டுவிட வேண்டாம். அவன் முன்னோர் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடுகிறார், பாலக்கோடு சர்க்கரை ஆலையைத் தாண்டிப் போகும் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். ஆனால் கரும்பு கடல்வழி வந்ததாகப் பாட்டில் இல்லை. இன்னொரு புறப்பாட்டு கரும்பை வானத்து அமிழ்தத்தோடு சேர்த்துப் பேசுகிறது. கப்பலில் சீனாவிலிருந்து வந்தது என்று மேடைகளில் முழங்குவது பின்னால் வந்த ஊகம். நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம். கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு வண்டி வண்டியாய் உப்பு கொண்டுவந்த உமணர்களைப் பற்றி சங்கப் பாடல்கள் நிறையப் பேசுகின்றன. அதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு உப்புப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் ஊரைப் பார்த்து எழுதிவரச் சொன்னால் போதும், பாடம் தானே நடக்கும்.

இனி எங்கே போவது. பூம்புகாரும் தரங்கம்பாடியும் சேர்த்து இரண்டு நாள், இரவு சீர்காழியிலோ மயிலாடுதுறையிலோ தங்குவது. இதுதான் என் தேர்வு. சேலம், ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, சிதம்பரம் என்று போனால் எப்படியும் 300 கிலோமீட்டருக்கு மேல், பள்ளிப் பிள்ளைகளோடு எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் போய்வரலாம் என்று வண்டிக்காரர் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பூம்புகாரில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. கடலடி ஆய்விலும் சுற்றுவட்டார அகழாய்விலும் கிடைத்தவை அங்கே உண்டு. பக்கத்துக் கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறையை அகழ்ந்து எடுத்தார்கள். அதில் நின்ற மரத் தூணின் காலம் கரிமக் கணிப்பில் ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டி வருகிறது. பூம்புகார் பற்றி உறுதியாகச் சொல்லத்தக்கவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். படகைக் கட்டிய கம்பம் என்று காட்டினால் பிள்ளைக்குப் புரியும், "தொன்மையான நாகரிகம்" என்றால் புரியாது. அதே ஊரைப் பற்றிப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ஆண்டுப் பழமை என்று காணொளிகள் சுற்றுகின்றன. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள், கட்டாயம் கேட்பார்கள். கடல் ஒரு காலத்தில் இன்னும் தள்ளியிருந்தது என்பது அறிவியல். அந்தக் கடலடியில் அவ்வளவு பழைய நகரம் இருந்தது என்பதற்கு, தோண்டி எடுத்து மற்ற ஆய்வாளர்களும் ஏற்ற சான்று இதுவரை இல்லை. இப்படிச் சொன்னால் பெருமை குறையுமோ என்று தயங்க வேண்டாம். பட்டினப்பாலை சொல்லும் கடல்வழி வந்த குதிரையும் வண்டியில் வந்த மிளகு மூட்டையுமே போதுமான பெருமை.

பூம்புகாரில் உங்கள் பிள்ளைகளுக்கென்றே ஒரு பொருள் உண்டு. 1991இல் அந்தக் கடலில் ஒரு மூழ்கிய கப்பலைக் கண்டு, அதிலிருந்து ஈயக் கட்டிகளை எடுத்தார்கள். அவற்றில் பிளாக்கெட் என்ற ஆங்கிலேயப் பெயரும், 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருக்கும். இந்த ஆண்டுகள் நம் பக்கத்தில் எதற்குப் பேர்போனவை? 1791இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனிப் படை கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பியது. 1792இல் திப்புவோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் தருமபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பாரமகால் கும்பெனி கைக்குப் போனது. உடனே ஒரு பிள்ளை, "அப்ப அந்த ஈயம் நம்ம ஊர்ச் சண்டைக்குத் துப்பாக்கிக் குண்டு வார்க்க வந்ததா சார்?" என்று கேட்கும். நல்ல கேள்வி. விடையைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். அதற்கு முன் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வர வேண்டும், பல மாதப் பயணம். 1792இல் இங்கிலாந்தில் வார்த்த கட்டி இங்கே வந்து சேர்வதற்குள் அந்தப் போர் முடிந்துவிட்டது. எனவே அந்தப் போருக்கு அல்ல. வேறு எதற்கு என்று கேட்டால், ஈயம் குண்டுக்கும் ஆகும், கூரைக்கும் குழாய்க்கும் ஆகும். ஒரு பொருளை வைத்து இவ்வளவு தூரம் பேசிவிட்டால் மற்ற பெட்டிகளைப் பார்க்காமலே திரும்பினாலும் நஷ்டமில்லை. அந்தக் கட்டிகள் காட்சியில் இருக்கின்றனவா என்பதை மட்டும் கிளம்புவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள், காட்சிப் பொருள்களை அவ்வப்போது மாற்றுவார்கள்.

மறுநாள் தரங்கம்பாடி. தஞ்சை நாயக்கர் ரகுநாதரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது, உள்ளேயே அருங்காட்சியகம். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு சின்ன நாடு எதற்காக இவ்வளவு தூரம் வந்தது என்ற கேள்விக்கு, கோட்டையின் அடித்தளத்துச் சரக்கு அறைகளைக் காட்டினாலே போதும். மேலே அதிகாரி, கீழே மிளகும் துணியும். ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் இங்கே இறங்கி, பிறகு அச்சுக்கூடம் வைத்ததைத் தமிழாசிரியரும் வந்தால் அவரே சொல்லிவிடுவார்.

இரண்டு நாள் முடியாதென்றால் சென்னை. பென்னாகரத்திலிருந்து அதுவும் ஒரே நாளில் கஷ்டம். கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பள்ளிகளுக்கு விடியலில் கிளம்பினால் முடியும். அங்கே நான் ஒரே ஒரு கதையை மட்டும் எடுப்பேன். சென்னைக்கு இதுவரை நான்கு கலங்கரை விளக்கங்கள். முதலாவது 1796இல் ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மாடியில் தேங்காய் எண்ணெயில் எரிந்தது. அந்தக் கட்டடம்தான் இப்போது கோட்டை அருங்காட்சியகம். இரண்டாவது 1844இல் கட்டிய கல்தூண், உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. மூன்றாவது 1894இல் அந்த நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்திலேயே ஏறியது. நான்காவது 1977இல் மெரினாவில், லிஃப்டோடு. கடைவீதி, கட்டடம் உயர உயர விளக்கும் ஏன் உயர வேண்டியிருந்தது என்று கேட்டால் நகர வரலாறே வந்துவிடும். நீதிமன்ற வளாகத்துக்குள் கூட்டமாக விடமாட்டார்கள், வெளியிலிருந்தே இரண்டையும் பார்க்கலாம். 1914இல் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் குண்டு போட்டதற்கான கல்வெட்டும் அந்த மதிலில் இருக்கிறது. அரிக்கமேடும் சிலர் சொல்வார்கள். அங்கே கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம், கிடைத்த பொருள்கள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில். உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

எங்கே போனாலும் சோழர் கப்பல் மாதிரி என்று ஒன்று வைத்திருப்பார்கள், இப்போது பொம்மைக் கடை வரை வந்துவிட்டது. 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் கடல் கடந்து கடாரத்தை, இன்றைய மலேசியாவின் கெடாவை, தாக்கியது தஞ்சைக் கல்வெட்டிலேயே இருக்கிறது, அதில் ஐயமில்லை. எந்த வடிவக் கப்பலில் போனான் என்பது வேறு சேதி. சோழர் கப்பல் ஒன்றுகூட இன்றுவரை கிடைக்கவில்லை, அந்த மாதிரிகள் கலைஞர்களின் கற்பனை. அங்கே நிரந்தரமாக ஆண்டானா, தாக்கிவிட்டுத் திரும்பினானா என்பதில் ஆய்வாளர்கள் பெரும்பாலும் இரண்டாவது பக்கம். கப்பல் உருவத்துக்கு நேரடிச் சான்று வேண்டுமென்றால் இரண்டு பாய்மரத்தோடு கப்பல் பொறித்த சாதவாகனர் காசின் படத்தைக் காட்டுங்கள்.

அன்றைய நாளின் ஒழுங்கில் நான் பிடிவாதமாக இருப்பது ஒன்றில்தான். அருங்காட்சியகம் முதலில், கடல் பரிசுபோலக் கடைசியில் என்று எல்லோரும் வைப்பார்கள். கடலைப் பார்க்காத பிள்ளைகள் இருக்கும் கூட்டத்தில் அதைத் தலைகீழாக வையுங்கள். இறங்கியதும் அரை மணி நேரம் கடற்கரை. அந்தச் சத்தமும் காற்றும் தீராமல் உள்ளே போனால் மனசு வெளியேதான் இருக்கும். ஆனால் தண்ணீரில் கால் நனைப்பதற்கு மேல் அனுமதிக்காதீர்கள். பூம்புகாரிலும் சரி மெரினாவிலும் சரி, இழுப்பு கரைக்கு மிக அருகிலேயே இருக்கிறது. அருவியில் குளித்துப் பழகிய பிள்ளைகளுக்குத்தான் இதில் அசட்டுத் துணிச்சல் அதிகம். அலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே பெரியவர்கள் வரிசையாக நிற்க வேண்டும், பின்னால் நின்று கத்துவதில் பயனில்லை.

உள்ளே பத்துப் பத்துப் பேராகப் பிரியுங்கள், ஒவ்வொரு குழுவோடும் ஒரு பெரியவர். நகல் எடுக்கும் நோட்டு வேண்டாம், பென்சிலும் வெள்ளைத் தாளும் போதும். ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து வரையட்டும். பக்கத்தில் மூன்று பதில்: எதனால் செய்தது, எங்கிருந்து வந்திருக்கலாம், கடைசியாக யார் கை பட்டிருக்கும். வரையும்போதுதான் பானையின் உடைந்த விளிம்பையும் ஈயத்தின் எழுத்தையும் கண் பார்க்கிறது. இப்படிப் பார்த்தது எத்தனை ஆண்டு மனதில் நிற்கும் என்று அளந்து சொல்ல என்னால் முடியாது. திரும்பி வந்த வாரம் வகுப்பில் யார் பேசுகிறார்கள் என்பதில் வித்தியாசம் தெரியும், வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசுவார்கள்.

நாள் குறிக்கும்போது ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்துவிடுங்கள். புயல் அறிவிப்பு வந்தால் எல்லாம் கெட்டுவிடும். தை, மாசி நல்லது. அரசு அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை, கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். புதுப்பிப்பு வேலைக்காக மாதக்கணக்கில் மூடியிருப்பதும் உண்டு. அதனால் இணையத்தில் இருக்கும் நேரத்தை நம்பாமல் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். பள்ளிக் கடிதத்தாளில் முன்கூட்டியே எழுதி, "எங்களுக்கு முழுச் சுற்று வேண்டாம், இந்த மூன்று பொருள்களைப் பற்றி மட்டும் சொல்ல ஒருவர் வேண்டும்" என்று கேளுங்கள். விளக்கம் சொல்பவர்களுக்கு இப்படி ஒரு கடிதம் வருவது அபூர்வம், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

பணம் அடியோடு சேரவில்லையென்றால் ஒகேனக்கல், பாப்பாரப்பட்டி, தருமபுரி அகழ்வைப்பகம் மூன்றையும் ஒரே நாளில் முடியுங்கள். சாயங்காலம் திரும்பும்போது தொப்பூர் சாலையில் கால் மணி நேரம், சாலையைவிட்டுத் தள்ளிப் பத்திரமான இடத்தில் நிறுத்தி, கன்டெய்னர் லாரிகளை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு எண்ணும் இருக்கும். முதல் மூன்றெழுத்து பெட்டி யாருடையது என்பதற்கு, கடைசி எண் மற்றவற்றைச் சரிபார்ப்பதற்கு. கிருஷ்ணகிரி மாங்கூழும் கிரானைட்டும் கடலேறுவது இப்படிப்பட்ட பெட்டிகளில்தான். எழுதிவந்த எழுத்துகளை மறுநாள் பள்ளிக் கணினியில் தேடினால் எந்த நாட்டுக் கம்பெனி என்று தெரிந்துவிடும். பூம்புகார்ப் பயணத்துக்கு அடுத்த ஆண்டு பணம் கேட்கும்போது அந்தத் தாளையும் சேர்த்துத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.